டேங்க் இல்லாத வண்டியும் இருபது லிட்டர் டீசலும்

பூம்பாறை,
ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி கோகுல்ராஜுக்கு அண்ணன் அழகுமலை எழுதுவது. நீயும் ரம்யாவும் பிள்ளைகளும் கோயம்புத்தூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குழந்தை வேலப்பர் துணை நிற்கட்டும். இங்கே நானும் உன் அண்ணி வீரம்மாளும் பாண்டிச்செல்வியும் சுகம். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதற்காகச் சுகம் என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் எப்படி இருக்கிறோம் என்பது இனிமேல்தான் வருகிறது.

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அண்ணே, ஈக்கோ மோடுல போட்டீங்களா" என்று நீ குறுக்கே வந்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுவதையும் படி. படித்து முடித்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து, நீ என் தலையில் கட்டிய மின்சாரக் காரை எடுத்துக்கொண்டு போ. சாவி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

புரட்டாசியில் நீ வந்து நாலு நாள் தங்கி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னென்ன பேசினாய் என்பது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பெட்ரோலும் டீசலும் இன்னும் பத்து வருசத்துல மியூசியத்துலதான்ணே இருக்கும், நம்ம மலைக்குப் புகை ஆகாதுண்ணே, பூண்டுச் செடிகூட கறுத்துப்போகும்ணே" என்றாய். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜீப்பின் புகையில்தான் என் பூண்டு விளைந்தது, வெள்ளையாகத்தான் விளைந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ ஜீப்பை போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டாய். மூன்றாம் நாள் தேனிக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டே போய்விட்டார். கொண்டை ஊசி வளைவில் அதன் சத்தம் மறைகிற வரைக்கும் நான் ரோட்டிலேயே நின்றேன். நீ சுவரில் பிளக் மாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தாய்.

புது வண்டி வந்த அன்றைக்கே எனக்கு முதல் சோதனை. அந்த வண்டியில் சத்தமே இல்லை. சத்தம் இல்லாதது நல்லதுதானே என்பாய். தம்பி, ஜீப்பில் போகும்போது உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே வருவாள், நானும் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவேன். அவள் என்ன பேசினாள் என்பது இந்த வண்டி வந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போய்ச் சேருகிற வரைக்கும் ஒரு வார்த்தைகூடத் தவறாமல் கேட்கிறது. பதில் வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. இதை நீ அந்த லேப்டாப்பில் காட்டவில்லை.

சரி, நிச்சயதார்த்தக் கதைக்கு வருகிறேன். பெங்களூரில் மீட்டிங் என்று சொல்லி நீ வராமல் தப்பித்துக்கொண்டாய். நீ போனது விமானத்தில் என்று ரம்யா சொன்னாள். அந்த விமானம் பேட்டரியில் பறந்ததா என்று விசாரித்து எழுது. பாண்டிச்செல்விக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை ஜெயமுருகனின் அப்பா ஞானவேல் அய்யம்பாளையத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர் என்பது உனக்குத் தெரியும். பெண் வீட்டில்தான் நிச்சயம் நடப்பது முறை. ஆனால் இந்த மழையில் அவ்வளவு சனத்தையும் மலைக்கு ஏற்ற வேண்டாம், பங்குக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். நாள் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும். உறவுக்காரர்கள் முதல் நாளே வேனில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் தட்டு வரிசையோடு காரில் போவதாக ஏற்பாடு.

"கரண்டு வண்டியிலதான் வர்றோம்னு சம்பந்திகிட்ட முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருங்க" என்று உன் அண்ணி சொன்னாள். எனக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும் சொல்லவில்லை. பங்க் வைத்திருப்பவரிடம் போன் போட்டு, நான் இனிமேல் உங்கள் வாசலுக்கு வர மாட்டேன் என்பதுபோல எதைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெருங்காற்று அடித்து மூன்று மரங்கள் கம்பி மேல் விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. லைன்மேன்கள் மழையில் நனைந்துகொண்டே வேலை பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியில் எண்பத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்தது. போய்ச் சேர அது தாராளம் என்று நான் பூண்டுக் காட்டுக்குப் போய்விட்டேன். நான் போன பிறகு பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி போனுக்கு சார்ஜ் போட வழியில்லை என்று வந்து நின்றிருக்கிறான். வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கலாம் என்று நீ பாண்டிச்செல்விக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் அல்லவா, அவள் பாவப்பட்டு வயரை மாட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு போன் நாற்பது போன் ஆனது. அப்புறம் மிக்சி வந்தது. கிரைண்டர் வந்தது. சின்னச்சாமி ஹோம்ஸ்டே நடத்துகிறவன், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த டூரிஸ்டுகள் பன்னிரண்டு பேருக்கும் அண்டா அண்டாவாக வெந்நீர் போட ஹீட்டர் கம்பியைக் கொண்டுவந்து சொருகிவிட்டான். நான் சாயங்காலம் திரும்பி வந்தபோது தெருவே குளித்து முடித்துச் சட்னி அரைத்து முகம் தெளிந்து இருந்தது. வண்டியில் இருபத்தாறு இருந்தது.

"ஏலே, என்னடா செஞ்சு வச்சிருக்க?" என்று சின்னச்சாமியைக் கேட்டேன்.

"கரண்டு வண்டின்னா கரண்டு குடுக்கத்தானேண்ணே?" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருக்கிறான்.

உனக்குப் போன் போட்டேன். "இறக்கம்தானேண்ணே, இறங்க இறங்கச் சார்ஜ் ஏறும், தைரியமா போங்க" என்றாய். ஜீப்பில் இருபத்திரண்டு வருஷம் இறங்கினேனே, ஒரு தடவையாவது டீசல் ஏறியிருக்கிறதா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேறு வண்டியும் இல்லை.

புதன்கிழமை வெள்ளனே கிளம்பினோம். அய்யம்பாளையம் போய்ச் சேர மூன்று மணி நேரம் போதும், நாங்கள் ஐந்தரைக்கெல்லாம் ரோட்டில் இருந்தோம். கொடைக்கானலுக்கு முன்னால் பைன் மரக் காட்டுக்குள் நல்ல மஞ்சு, பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. அதற்குள் நடுரோட்டில் ஒரு காட்டுமாடு நிற்கிறது, ஒற்றை ஆள், நம் மாட்டுக் கொட்டகை அளவு உடம்பு. ஜீப் என்றால் இரண்டு வளைவுக்கு முன்னாலேயே சத்தம் கேட்டு அது பள்ளத்தில் இறங்கிவிடும். இந்த வண்டி போய் நின்றது அதற்குத் தெரியவே இல்லை. ஹாரன் அடித்தேன். இதன் ஹாரன் இருக்கிறதே, ஆபீசில் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவதுபோல ஒரு மரியாதைச் சத்தம். காட்டுமாடு தலையைத் திருப்பி, நம் டோக்கன் இல்லை என்பதுபோலப் பார்த்துவிட்டு அசை போட்டது. முக்கால் மணி நேரம் நின்றோம். உன் அண்ணி அந்த முக்கால் மணி நேரமும் பேசினாள். கடைசியில் பின்னாலிருந்து கேரட் ஏற்றின டீசல் லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்ததும்தான் அது நகர்ந்தது. டீசல் லாரி என்பதை அடிக்கோடு போட்டுப் படி.

கொடைக்கானலில் சார்ஜ் பதினைந்துக்கு வந்துவிட்டது. அங்கும் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சார்ஜர் வேலை செய்வதாகச் சொன்னார்கள். போனால் எனக்கு முன்னால் ஒரு கார் நிற்கிறது, சார்ஜ் ஏற ஏற உள்ளே குடும்பமே தூங்குகிறது. அவர்கள் முடித்து விழித்துப் பல் விளக்கி நகர்வதற்கு ஒன்றரை மணி நேரம். என் முறை வந்து வயரை மாட்டிய பிறகுதான் ஹோட்டலுக்குப் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குப் பழக்கப்பட்ட சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டர். டீசல் ஜெனரேட்டர். தம்பி, டீசல் வேண்டாம் என்று ஜீப்பை விற்றுவிட்டு, டீசலில் வருகிற கரண்ட்டுக்காக ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றவன் இந்தப் பழனி மலையில் நான் ஒருவன்தான் இருப்பேன். அதுவும் கால் மணி நேரத்தில் நின்றுபோனது. ஹோட்டல் மேனேஜர் குகன் என்பவர் ஓடிவந்து, "சாரி சார், டீசல் தீந்துபோச்சு. பேரல் கீழருந்து வரணும்" என்றார். பதினெட்டோடு கிளம்பினோம்.

பெருமாள்மலையில் இறங்கி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாகப் பெரும்பாறை ரோட்டைப் பிடித்தேன். பெரும்பாறை வரைக்கும் பதினெட்டு பதிமூன்றானது. அதற்குக் கீழே காபித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும்போது, "பதினாலு" என்றாள் உன் அண்ணி. கொஞ்ச நேரம் கழித்து, "பதினஞ்சு" என்றாள். பாண்டிச்செல்வி பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அடிவாரம் வரும்போது பதினேழு. ஏறியது உண்மைதான். அதை எழுதாமல் விட மனசு வரவில்லை. ஆனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு ரம்யாவிடம் வாசித்துக் காட்டாதே, மேலே படி.

பங்குக்குள் நுழையும்போது மணி பதினொன்றே கால். வாழை மரம் கட்டி, சீரியல் பல்ப் போட்டு, வாசலில் நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள். நடுவில் ஞானவேல் பட்டு வேட்டியில் கைகூப்பி நிற்கிறார். அவர் பக்கத்தில் டீசல் பம்புக்கு மாலை போட்டிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், பம்புக்குச் சாமந்தி மாலை, டீசல் அடிக்கிற குழாய்க்குச் சந்தனம் குங்குமம். நான் வண்டியை நிறுத்தியதும் ஓர் ஊழியர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நிற்கிறார்.

"எங்க குடும்பத்துல ஒரு வழக்கம்ங்க. சம்பந்தி வண்டி மொதத் தடவ நம்ம பங்குக்குள்ள வந்தா டேங்கு நெறையாம வெளிய போகக் கூடாது" என்றார் ஞானவேல். "நீங்க டீசல் ஜீப்பு வச்சிருக்கீங்கன்னு பையன் சொன்னான். வண்டிய மாத்திட்டீங்க போல. இதுவும் டீசல்தானுங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஊழியர் பக்கவாட்டு மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே பிளக். அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு பிளக்கையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் போய்த் தேடினார். குனிந்து அடியில் பார்த்தார். "அண்ணாச்சி, இதுல டேங்கையே காணோம்" என்றார். மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

ஞானவேல் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள், அதுதான் வினையாகப் போனது.

"எங்க பங்குக்குள்ளயே கரண்டு வண்டியில வந்து எறங்குறீங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம். "நான் தெரியாமத்தான் கேக்குறேன். இந்த வண்டி ஊரெல்லாம் வந்துருச்சுன்னா எம் பையன் இந்தப் பங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? அவனுக்குத்தானே நீங்க பொண்ணு குடுக்க வந்துருக்கீங்க?"

பாண்டிச்செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். புதுப் பட்டுச் சேலையில், தலை நிறையப் பூவோடு, காருக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நிமிஷம் எனக்கு வண்டி மேலும் கோபம் வரவில்லை, உன் மேலும் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அந்தப் பயத்தில் நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன், பிறகு யாராவது உன்னிடம் திரித்துச் சொல்லக் கூடாது. "சம்பந்தி, இந்த வண்டி ஒண்ணுக்கும் ஆகாதுங்க" என்றேன். "மழை பேஞ்சா சார்ஜ் போட முடியல. மாடுகூட மதிக்க மாட்டேங்குது. டீசல அசைக்க இன்னும் நூறு வருசம் ஆகும். உங்க பையன் பேரன் காலத்துக்கும் இந்தப் பங்கு இருக்கும். எனக்கு இதுல இஷ்டமே இல்லைங்க. எந் தம்பி கோகுல்ராஜுன்னு ஒருத்தன் கோயம்புத்தூர்ல இருக்கான், அவன்தான் என்னைய ஏமாத்தித் தலையில கட்டிட்டான்" என்றேன். உன் பெயரை மறுபடியும் ஒரு தடவை சொன்னேன். தெளிவாகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஞானவேல் பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மணி பதினொன்று நாற்பது. அப்போது அவர் வீட்டுக்காரம்மா சண்முகசுந்தரி ஆரத்தித் தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புருஷனைப் பார்த்து, "பொண்ணு வெயில்ல நிக்குது, நீங்க வண்டிக்கு அடியில டேங்கத் தேடிக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். "இந்தப் பிள்ள என்ன டீசல் குடிச்சா வளந்துருக்கு? பையன் பொழப்பப் பத்தி அவ்வளவு கவலைன்னா பன்னெண்டு மணிக்கு மேல உக்காந்து கவலப்படுங்க. இப்ப வெரசா உள்ள வாங்க." சொல்லிக்கொண்டே பாண்டிச்செல்விக்கு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்துக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார். அவர்கள் பின்னாலேயே உன் அண்ணி போனாள், அவள் பின்னால் தட்டுகள் போயின. கடைசியாக நானும் ஞானவேலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனோம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. முகூர்த்தம் தை மாதம். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம், எழுதியிருந்தால் மீதியை நீ படித்திருக்க மாட்டாய்.

சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தி தானே எழுந்து வந்தார். "வீட்டுக்கு வந்த வண்டி பட்டினியா போகக் கூடாதுங்க" என்று சொல்லி, டயருக்குக் காற்று அடிக்கிற மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் என் வண்டிக்கு வயர் மாட்டிக் கொடுத்தார். நாலு மணி நேரம் அந்தப் பங்கில் ஒரு டயருக்கும் காற்று இல்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். அறுபது வந்ததும் கிளம்பினோம். கிளம்பும்போது அந்த ஊழியர் இரண்டு தகர டின்களைத் தூக்கிவந்து பின்னால் வைத்தார். இருபது லிட்டர் டீசல். மூடியில் சந்தனம். "டேங்கு இல்லாட்டி என்னங்க, வழக்கத்த மாத்த முடியாது" என்றார் ஞானவேல். வாங்க மாட்டேன் என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. மின்சாரக் காரில் டீசலை ஏற்றிக்கொண்டு, வாடை தாங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிரில் மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு மலையேறினோம்.

ஏற்றம் அந்த அறுபதையும் குடித்துவிட்டது. அட்டுவம்பட்டியில் அதே ஹோட்டல் வாசலில் நிற்கும்போது வண்டியில் நாலு இருந்தது. குகன் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "பேரல் இன்னும் வரல சார். கரண்டும் வரல. ஜெனரேட்டர் காலைலேர்ந்து சும்மா கெடக்கு."

பின்கதவைத் திறந்து டின்னைக் காட்டினேன். அவர் சந்தனம் வைத்த மூடியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு டின்னையும் ஜெனரேட்டரில் ஊற்றினார்கள். அது தடதடவென்று கிளம்பியது. ஒரு மணி நேரத்தில் வீடு போகிற அளவுக்குச் சார்ஜ் ஏறிவிட்டது. ஆக, தம்பி, நீ வாங்கிக் கொடுத்த மின்சார வண்டி அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தது என் சம்பந்தி ஊற்றிக் கொடுத்த டீசலில்.

ஆகவே பெட்ரோல் டீசல் வண்டிக்கு இது மாற்றாகுமா என்று நீ இனி யாரிடமாவது பேசினால் என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல். ஆகும். கரண்ட் போகாத ஊரில் ஆகும். காட்டுமாடு நிற்காத ரோட்டில் ஆகும். பங்க் வைத்திருக்காத சம்பந்தி வாய்த்தவனுக்கு ஆகும். பூம்பாறை அழகுமலைக்கு ஆகாது. வந்து எடுத்துக்கொண்டு போ. வரும்போது தேனிக்காரர் போன் நம்பரையும் மறக்காமல் கொண்டுவா, ஜீப்பைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

ரம்யாவுக்கு எங்கள் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, நல்லாப் படிக்கட்டும், அப்பாவைப்போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வண்டி விற்க வேண்டாம். குழந்தை வேலப்பர் உன்னை எல்லா நலத்தோடும் வைக்கட்டும், புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத அண்ணன்,
அழகுமலை.

பி.கு.: மேலே எழுதியதை முடித்து ஐந்து நாள் ஆகிறது. கரண்ட் வந்துவிட்டது. கடிதத்தைத் தபாலில் போடப் போக எனக்கு வண்டி இல்லாமல் போய்விட்டது. என்ன நடந்தது என்றால், சனிக்கிழமை நான் காட்டில் இருந்தபோது உன் அண்ணி அலமாரி மேலிருந்து சாவியை எடுத்து, பாண்டிச்செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, களத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை கோயில் வரைக்கும் போய் வந்தாள். நான் மறித்து நின்று கேட்டதற்கு, "கிளச்சு இல்ல, கியரு இல்ல, ரெண்டு மிதிதான் இருக்கு. இதுக்கா இத்தன வருசமா என்னைய பயங்காட்டி வச்சிருந்தீங்க?" என்கிறாள். நேற்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் ஓட்டிப் பழகுவதற்கான எல்.எல்.ஆரை வாங்கிக்கொண்டு வந்தாள். இன்றைக்குக் கொடைக்கானலுக்குக் கிளம்பி நிற்கிறாள், தெருப் பெண்கள் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தாயிற்று. லைசென்ஸ் வைத்திருப்பவன் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், அதனால் சின்னச்சாமி முன் சீட்டில் இருக்கிறான். எனக்கு இடம் இல்லை. ஆகவே நீ வண்டியை எடுக்க வர வேண்டாம், வந்தாலும் அவள் கொடுக்க மாட்டாள். தேனிக்காரர் நம்பரும் வேண்டாம், நானே பிடித்து ஜீப்பைக் கேட்டுவிட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டார். எனக்கென்று வேறு ஒன்று பார்த்துச் சொல். கரண்டிலேயே பார், டீசலுக்குத் திரும்பினால் நான் சாகும்வரை உன் அண்ணி சொல்லிக்காட்டுவாள். போகிற தூரம் மட்டும் இதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். ஹாரன் சத்தமாக இருக்க வேண்டும். தையில் கல்யாணத்துக்கு வரும்போது சம்பந்தி உன்னிடம் கேட்டால், எங்கள் வீட்டில் ஒரே ஒரு கரண்டு வண்டிதான், அதுவும் ஓடுவதில்லை என்று சொல். ஹாரன் அடிக்கிறாள், கவரை ஒட்டி அவளிடமே தபாலில் போடக் கொடுக்கிறேன்.